விசாலத்துக்குப் பேச்சு வந்தது

அவளுக்குப் பேச்சு வரணும்னு அலைஞ்சது நான்தான். கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போனது நான்தான். பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்ததும் நான்தான். இப்ப யாரத் திட்ட? ஆனா திட்டாம இருக்கவும் முடியல, வயிறு எரியுது. முதல்லயிருந்து சொல்லுதேன், கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

கொச்சி மட்டாஞ்சேரி பஜார்ல ஒரு சேட்டோட ஏத்துமதிக் கம்பெனி கோடவுன்ல நான் மிளகு புடைக்கிற வேல பாத்தேன். பேரு மூக்கம்மாள். சங்கரன்கோவில் பக்கத்துலயிருந்து வாக்கப்பட்டு இங்க வந்தவ. பதினோரு வருசம் அந்தத் தூசியத் தின்னு, தும்மித் தும்மி, நிரந்தரம் ஆனேன். நிரந்தரம்னா லேசு இல்ல. விடியக்காலம் கோடவுன் கோடவுனா போயி "இன்னைக்கு ஆள் வேணுமா சேட்டா"ன்னு எத்தனை பொம்பளைங்க கெஞ்சிக்கிட்டு நிக்காங்க தெரியுமா? நான் நிக்க வேண்டாம். நேரா உள்ள போயி முறத்த எடுக்கலாம்.

அந்தக் கோடவுன்ல ஒரு கேடுகெட்ட வழக்கம் உண்டு. சாயங்காலம் கேட்டத் தாண்டுமுன்ன ஒவ்வொரு பொம்பளையும் மடிய உதறிக் காட்டணும். முந்தானைய அவுத்து, உதறி, "பாத்துக்கோ"ன்னு காட்டிட்டுத்தான் வெளிய கால் வைக்கணும். முன்ன அதப் பாக்கதுக்கு ஒரு பொம்பள இருந்தா. அவ வேலைய விட்டுப் போன பிறகு சூப்பர்வைசர் நாணு தானே பாக்க ஆரம்பிச்சான். ஆம்பளைக்கு என்ன வேல அதுல? யாரும் கேக்கல. நானும் கேக்கல, சும்மா சொல்லப்படாது.

எழுபத்தொம்பதுல மார்ச்சு மாசம் ஒரு நாள். கடைசி சாக்கத் தச்சுட்டு நான் வரும்போது எல்லாரும் போயிட்டாளுங்க. கேட்டுல நாணு மட்டும் நிக்கான். மடிய உதறிக் காட்டினேன். ஒரு மணி மிளகு இல்ல. "உள்ள ஒளிச்சிருப்பே"ன்னு சொல்லிக்கிட்டு ரவிக்கைக்குள்ள கையக் கொண்டு வந்துட்டான், கட்டையில போவான். ஓங்கி விட்டேன் ஒரு அறை. அவன் கண்ணாடி தெறிச்சுப் போயி ஓவுச் சாக்கடையில விழுந்துச்சு.

மறுநாள் போனா, கேட்டுலயே நிப்பாட்டிட்டாங்க. மூக்கம்மாள் மடியில ரெண்டு கை மிளகு இருந்துச்சாம், நாணு புடிச்சானாம், அதுக்கு நான் அடிச்சேனாம். விசாரணை முடியுற வரைக்கும் சஸ்பெண்டு. வேல போனா இன்னொண்ணு பாத்துக்கிடலாம். ஆனா திருடின்னு பேரு எழுதி அனுப்பினா, பஜார்ல எவன் என்னய உள்ள விடுவான்? எந்தக் கேட்டுல போயி நான் நிப்பேன்? எனக்கு வேற தொழிலும் தெரியாது.

யூனியன்ல பிச்சைமணி அண்ணாச்சிதான் எங்க தமிழ் ஆளுகளுக்குப் பேசுவாரு. அவரு கேட்டாரு, "பாத்தவங்க யாராவது உண்டா?" உண்டு. கேட்டுக்கு நேர் எதுக்க ஒரு ஜன்னல். கூலிச் சீட்டு குடுக்கிற ஜன்னல். அதுக்குப் பின்னால உக்காந்திருந்தது விசாலாக்ஷி. நான் அறைஞ்சப்போ கம்பிக்குப் பின்னால அந்த ரெண்டு கண்ணும் இம்புட்டுப் பெருசா இருந்துச்சு, எனக்கு நல்லா ஞாபகம்.

"அந்தப் பிள்ளையா?"ன்னு அண்ணாச்சி தலையில கைய வச்சாரு.

வைக்கத்தான் செய்வாரு. விசாலம் பாலக்காட்டு ஐயர் வீட்டுப் பொண்ணு. அப்பா இல்ல. பக்கத்துல செர்லாயில வாடகை வீடு, அம்மா, ரெண்டு தங்கச்சி. கையெழுத்து முத்து முத்தா இருக்கும். ஆனா வாய்? மனுசரக் கண்டா அந்தப் பிள்ளைக்கு உசுரு போயிரும். சீட்டு குடுக்கும்போது ஏறிட்டுப் பாக்காது, கம்பிக்குக் கீழ விரல மட்டும் நீட்டும். படியில யாருக்கும் எதுக்க வரக் கூடாதுன்னு அரை மணி முன்னாலயே ஆபீசுக்கு வந்துரும். சாயா கொண்டு வர்ற ஆளுகிட்ட "எனக்கு வேண்டாம்"னு சொல்ல முடியாம, தினம் வாங்கி, தினம் ஜன்னல் வழியா ஊத்தும். ஒரு தடவ மேனேஜர் பேரச் சொல்லிக் கூப்பிட்டாருன்னு மயக்கம் போட்டு விழுந்துச்சு. நாங்க எல்லாம் சிரிச்சோம். இப்ப அந்தப் பிள்ளைதான் எனக்குச் சாட்சி. என் தலையெழுத்தப் பாருங்க.

அவ வீட்டுக்கே போனேன். வாசல்ல நின்னு கேட்டேன், "விசாலம்மா, நீங்க பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்"னு காத்து மாதிரி ஒரு சத்தம். "மடியில ஒண்ணும் இல்லை. அவர்தான் கைய…" அதுக்கு மேல சொல்ல முடியல. கண்ணீரு கொட்டுது. "நாலு பேர் முன்னாடி நேக்கு தொண்டை அடைச்சுடும் மூக்கம்மாக்கா. நான் வந்தா உங்களுக்குத்தான் கேடு."

நெசத்தச் சொல்லுதா, பொய் சொல்லலன்னு எனக்கு அப்பவே தெரியும். அந்தப் பிள்ள நல்ல பிள்ள. அதத்தான் நான் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன்.

விசாரணை ஜூன் கடைசியில. மூணு மாசம் இருக்கு. அப்பத்தான் என் வீட்டுக்காரர் அழகர் ஒரு சேதி கொண்டு வந்தாரு. வெலிங்டன் தீவுல துறைமுக ஆபீசுல வேல பாக்கிற வெங்கிடராமன்னு ஒருத்தர், வெங்கிட்டு சார்னு சொல்லுவாங்க, சனிக்கிழமை சாயங்காலம் வாசகசாலை மாடியில நாடக வகுப்பு நடத்துதாராம். பேசப் பயப்படுத ஆளுகளுக்குத்தான் அந்த வகுப்பாம். பாடம் கிடையாது, மனப்பாடம் கிடையாது, வெறும் விளையாட்டாம். திருச்சூர்ல ஏதோ முகாம்ல ஒரு வெள்ளைக்காரன்கிட்ட கத்துக்கிட்டு வந்தாராம்.

சனிக்கிழமை விசாலத்த ஆபீஸ் வாசல்லயே மடக்கி, கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிட்டேன். வழி நெடுக "வேண்டாம் வேண்டாம்"னு முணங்கிக்கிட்டே வந்தா. அன்னைக்கு அவ சொன்னாளே அந்த "வேண்டாம்", அது எம்புட்டு ஒசத்தியான சொல்லுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு.

மாடியில பத்துப் பன்னிரண்டு பேரு. வாய் திக்குற ஒரு பையன், வக்கீல் குமாஸ்தா ஒருத்தர், பரீட்சைக்குப் பயந்த காலேஜ் பிள்ளைக. வெங்கிட்டு சாருக்கு முப்பது வயசிருக்கும், ஜிப்பா, தாடி. எல்லாரையும் வட்டமா நிப்பாட்டி இல்லாத பந்தத் தூக்கிப் போடுதாரு, நாங்க புடிக்கோம். வெக்கக்கேடுன்னு முதல்ல நினைச்சேன். பிறகு ஒருத்தர் கண்ணாடி மாதிரி நிக்கணும், எதுத்தாப்புல உள்ளவர் செய்யுதத அப்படியே செய்யணும். விசாலம் பந்தப் புடிச்சா. கண்ணாடியாவும் நின்னா. வாய் மட்டும் தொறக்கல.

மூணாவது வாரம் சார் ஒரு ஆட்டம் கொண்டு வந்தாரு. அதுக்கு 'ஆமா ஆட்டம்'னு பேரு. "எதுத்தாப்புல இருக்கிறவர் என்ன சொன்னாலும் மறுக்கக் கூடாது. ஆமாம்னு வாங்கிக்கணும். வாங்கி, மேல ஒண்ணு சேத்துத் திருப்பிக் குடுக்கணும். அவ்வளவுதான்."

அவரே விசாலத்துக்கு முன்னால வந்து நின்னாரு. "உங்க கையில ஒரு பூனைக்குட்டி இருக்கே?"

நானும் மூச்சப் புடிச்சுக்கிட்டுப் பாக்கேன். விசாலம் கையப் பாத்தா. ஒண்ணும் இல்லாத கை. விரல மெதுவாக் குவிச்சு, "ஆமாம்"னா.

"வெள்ளையா இருக்கே?"

"ஆமாம், வெள்ளை. வால்ல மட்டும் கறுப்பு."

"ராத்திரி உங்களத் தூங்க விடலையாமே?"

"ஆமாம், தலகாணியில ஏறிப் படுத்துண்டுது. என் தங்கை மூஞ்சியைப் பிராண்டிடுத்து."

அடி ஆத்தி! நாலு வருசமா ஜன்னல்ல உக்காந்து நாலு வார்த்தை பேசாத பிள்ள! மாடியே கை தட்டுது. அவளும் சிரிச்சா. அவளுக்குப் பல்லு இருக்குன்னே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். எனக்கு அழுகை வந்துருச்சு, என் வேல திரும்பக் கிடைச்ச மாதிரியே இருந்துச்சு.

அவ என்னத்தக் கண்டுபுடிச்சான்னு எனக்குப் பிறகு சொன்னா. "தானா ஏதாவது சொல்லணும்னாத்தான் நேக்கு பயம். தப்பாயிடுமோ, சிரிப்பாளோன்னு. அவா ஒண்ணு சொல்லி நான் ஆமாம்னுட்டா, பயமே இல்லை மூக்கம்மாக்கா. தொண்டை தானா திறந்துக்கறது."

அது போதும்டி ராசாத்தின்னு நினைச்சேன்.

வாரம் ஒரு நாள் பத்தாதுன்னு எனக்குத் தோணுச்சு. மத்தியானம் எங்க பொம்பளைங்க கோடவுன் பின்னால சந்துல உக்காந்து கஞ்சி குடிப்பாங்க. நான் கேட்டுக்கு உள்ளதான் போகக் கூடாது, சந்து என்ன சேட்டு வீட்டுச் சொத்தா? தினம் போனேன். விசாலத்தையும் வரச் சொன்னேன். வக்கீல் மெரட்டிக் கேப்பான், அதுக்குப் பழகட்டும்னு நானே வக்கீலு ஆனேன். இடுப்புல கைய வச்சுக்கிட்டு, "ஏய் விசாலாக்ஷி, நீ பக்கத்து வீட்டுக் கப்பைக்கிழங்கத் திருடினியா இல்லையா?"

"ஆமாம், ரெண்டு. ஒண்ணு அழுகல், அதைத் திருப்பி வச்சுட்டேன்."

"மேனேஜர் குடைய ஒளிச்சது நீதானே?"

"ஆமாம், மழையில அவர் நனையறதைப் பாக்கணும்னு ஆசையா இருந்துது."

எங்களோட வேல பாக்குத முப்பிடாதி கஞ்சி புரையேறி இருமுதா. எல்லாரும் உருண்டு சிரிக்கோம். ஒரு வாரத்துல விசாலம் எங்களோட உக்காந்து ஊறுகா கேட்டு வாங்கித் தின்னா. படியில எதுக்க வர்றவங்களப் பாத்து "சுகமா"ன்னு கேட்டா. சாயாவையும் குடிச்சா. நான் 'அம்மா, நீங்க'ங்கிறத எல்லாம் விட்டுட்டு 'ஏட்டி'ன்னு கூப்பிட ஆரம்பிச்சேன், அது அவளுக்குப் புடிச்சிருந்துச்சு.

ஒரே ஒரு தடவ சார்கிட்ட கேட்டேன். "இல்லன்னு சொல்லுத ஆட்டம் ஒண்ணும் கிடையாதா சார்?"

"இல்லைன்னு சொன்னா ஆட்டம் அங்கேயே செத்துரும் மூக்கம்மா"ன்னு சிரிச்சாரு. படிச்ச மனுசன் சொல்லுதாரு, சரிதான்னு விட்டுட்டேன். விட்டுருக்கலாமா? நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருக்கு இப்ப நினைச்சா.

விசாரணை அன்னைக்கு நல்ல மழை. ஆபீஸ் மாடியில மேசை போட்டிருந்தாங்க. விசாரிக்க வந்த வக்கீல் நடுவுல, எழுதுறதுக்கு ஒரு ஆளு. கம்பெனி பக்கம் இன்னொரு வக்கீல், நரைச்ச தல, சந்தனப் பொட்டு. எங்க பக்கம் பிச்சைமணி அண்ணாச்சி. நாணு புதுக் கண்ணாடி போட்டுக்கிட்டு உக்காந்திருந்தான். முதல்ல அவன் புளுகினான், எழுதிக்கிட்டாங்க. பிறகு நான் சொன்னேன், எழுதிக்கிட்டாங்க. அவன் சொல்லு ஒண்ணு, என் சொல்லு ஒண்ணு. பிறகு விசாலம் வந்தா. நீலப் பாவாடை தாவணி, நெத்தியில விபூதி. என்னயப் பாத்துச் சிரிச்சா. எனக்கு நெஞ்சு குளுந்து போச்சு.

அண்ணாச்சி எந்திரிச்சு கேட்டாரு. "அன்னைக்கு சாயங்காலம் நீ என்ன பாத்தம்மா? சொல்லு."

விசாலம் வாயத் தொறந்தா. சத்தம் வரல. பழைய விசாலம் அப்படியே திரும்பி வந்துட்டா. அண்ணாச்சி பதறிப் போயி, "நாணு கைய வச்சான்ல?"ன்னு கேட்டாரு. கேட்டதும் அவ முகம் தெளிஞ்சுச்சு, உதடு அசைஞ்சுச்சு. அதுக்குள்ள நடுவுல இருந்த வக்கீல் மேசையத் தட்டிட்டாரு. "உங்க சாட்சிக்கு நீங்களே பதில் சொல்லிக் குடுக்கக் கூடாது. அவளே சொல்லட்டும்." சட்டமாம். எதுத்த கட்சிக்காரன் மட்டும் அப்படிக் கேக்கலாமாம். இது எந்த ஊரு சட்டம்?

அண்ணாச்சி ரெண்டு மூணு தடவ கேட்டுட்டு உக்காந்துட்டாரு. போச்சுன்னு நினைச்சேன். அத்தோட போயிருந்தாக் கூட எனக்குச் சந்தேகத்தோட பலனாவது கிடைச்சிருக்கும்.

கம்பெனி வக்கீல் எந்திரிச்சாரு. மெரட்டல. பெத்த அப்பன் மாதிரி அம்புட்டு அன்பாக் கேட்டாரு.

"குட்டி, நீ அன்னைக்கு ஜன்னல் பக்கத்துலதானே இருந்தே?"

"ஆமாம்"னு விசாலம் மூச்சு விட்டா. "பச்சைக் கம்பி ஜன்னல். என் நாற்காலிக்கு ஒரு கால் ஆடும்."

"மூக்கம்மாள் கடைசியா வந்தா, அல்லே?"

"ஆமாம், எல்லாரும் போனப்புறம். வேகமா வந்தா."

"கொஞ்சம் பதட்டமா இருந்தாளோ?"

"ஆமாம், முந்தானையை இறுக்கிப் பிடிச்சுண்டு வந்தா."

ஏட்டி, என்ன சொல்லுதே? அண்ணாச்சி என்னயப் பாக்காரு.

"மடி கனமா இருந்திருக்கும்."

"ஆமாம், ஒரு பக்கமாத் தொங்கிண்டிருந்துது."

"நாணு உதறச் சொன்னதும் மிளகு கீழ விழுந்தது."

"ஆமாம், கல்லுமேல உருண்டு ஓடித்து. ரெண்டு மூணு மணி ஓவுல விழுந்துது. ஒரு மணி என் ஜன்னல் வரைக்கும் வந்துது."

"நாணு அவ மேல கையே வைக்கலை."

"ஆமாம், தள்ளித்தான் நின்னார். கையைப் பின்னாடி கட்டிண்டு."

"அடிப்பாவி!"ன்னு நான் கத்திட்டேன். கத்தினா வெளிய அனுப்பிருவேன்னாரு நடுவுல இருந்தவரு. விசாலத்துக்கு நான் கத்தினது காதுலயே விழல. முகம் பளபளன்னு இருக்கு, கை ரெண்டும் தானா ஆடுது, ஒரு வார்த்தை தடுக்கல. அம்புட்டு அழகாப் பேசுதா. எழுதுற ஆளு எழுதி மாளல. முடிச்சுட்டு என்னயத் திரும்பிப் பாத்தா பாருங்க, சந்துல ஆட்டம் முடிஞ்சதும் பாப்பாளே, நல்லா செஞ்சேனான்னு, அதே மாதிரி பாத்தா. நான் கை தட்டணுமாம்.

பிறகுதான் அவளுக்குப் புத்தியில ஏறுச்சு. என் முகத்தப் பாத்து அவ முகம் வெளுத்துச்சு. அதுக்குள்ள கையெழுத்து வாங்கிட்டாங்க. முத்து முத்தான கையெழுத்து.

பத்து நாள்ல தாக்கீது வந்துருச்சு. திருட்டு, அடிதடி, வேலையிலயிருந்து நீக்கம். வெங்கிட்டு சார்கிட்ட போயி நாலு கேள்வி கேட்டேன். மனுசன் தாடியத் தடவுதாரு. "அது ஆட்டம், இது ஜீவிதம். அந்தப் பொண்ணு ரெண்டையும் கலந்துட்டா. ஆனா ஒண்ணு மூக்கம்மா, பயம் போயிருச்சு பாத்தீங்களா?" செருப்பக் கழட்டாம வந்தேனே, அதுவே பெரிசு.

பயம் போகத்தான் செஞ்சுச்சு. இம்புட்டு நல்லாப் பேசுத பிள்ளைய ஜன்னலுக்குப் பின்னால எதுக்கு வைக்கணும்னு, கம்பெனியில அவள முன் ரூமுக்கு மாத்திட்டாங்க. டெலிபோன் எடுக்கவும், வர்றவங்கள வரவேற்கவும். சேலை கட்டி, பூ வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்னு முப்பிடாதி வந்து சொன்னா.

அண்ணாச்சி விடல. எர்ணாகுளத்துல லேபர் ஆபீசர்கிட்ட கேட்டுட்டு வந்தாரு. "அந்தப் பொண்ணு, நான் பதட்டத்துல மாத்திச் சொல்லிட்டேன், நடந்தது இதுதான்னு ஒரு கடுதாசியில எழுதிக் குடுத்தாப் போதும். கேஸ மறுபடி எடுக்கலாம்." பேச வேண்டாம். எழுதத்தானே செய்யணும்? எழுத்துக்கு அவளுக்கு என்ன பயம்? அண்ணாச்சியே பேப்பர்ல எழுதிக் குடுத்தாரு. கையெழுத்து மட்டும் போடணும்.

ஆகஸ்ட்டுல ஒரு நாள் காலையில, செர்லாயிலயிருந்து அவ ஆபீசுக்கு வர்ற வழியில நின்னேன். என்னயக் கண்டதும் ஓடிருவான்னு நினைச்சேன். ஓடல. குடைய மடக்கிட்டுக் கிட்ட வந்தா. "தினமும் உங்களை நினைச்சுண்டிருக்கேன்"னா. கண்ணு கலங்குச்சு. நெசமாத்தான் கலங்குச்சு, நடிப்பு இல்ல.

பேப்பரக் குடுத்தேன். நின்ன இடத்துலயே ஒரு வரி விடாமப் படிச்சா.

"ஏட்டி, இதுல பொய் ஏதாவது இருக்கா?"ன்னு கேட்டேன்.

"இல்லை. எல்லாம் நடந்ததுதான். அவர் கையை உள்ள விட்டார். நான் பாத்தேன்." ஒரு திக்கு இல்ல, தடுமாத்தம் இல்ல.

"அப்பக் கையெழுத்துப் போடு."

பேப்பரப் பாத்தா. தெருவப் பாத்தா. பிறகு தலைய நிமித்தி என் கண்ணுக்குள்ள பாத்தா. நாலு வருசத்துல ஒரு தடவகூட அவ அப்படி என்னயப் பாத்தது கிடையாது.

"முடியாது மூக்கம்மாக்கா."

நான் பேனாவ நீட்டினேன்.

"இதுல கையெழுத்துப் போட்டா நாளைக்கே என்னை வெளிய அனுப்பிடுவா. ஆத்துல என் சம்பாத்தியம்தான். தங்கைகள் இருக்கா. முடியாது. என்னை மன்னிச்சுடுங்கோ."

அழுது சொல்லியிருந்தா மாரு மாரா அடிச்சுக்கிட்டு மண்ண வாரித் தூத்தியிருப்பேன். அழல. கொரலு நடுங்கல. நின்னு, நிதானமா, ஒவ்வொரு சொல்லாச் சொன்னா. பேப்பர மடிச்சு என் கையிலயே குடுத்தா. குடைய விரிச்சுக்கிட்டுப் போனா. எதுக்க வந்த ஒரு ஆளு ஏதோ கேட்டாரு, அவருக்கும் சிரிச்சுப் பதில் சொல்லிட்டுப் போனா.

எனக்குக் கோவம் பிறகுதான் வந்துச்சு, இன்னைக்கு வரைக்கும் போகல. ஆனா அந்த நிமிசத்துல, வெக்கத்த விட்டுச் சொல்லுதேன், இந்தப் பிள்ளைக்கு இப்பத்தான் நெசமாப் பேச்சு வந்திருக்குன்னு மனசுல ஒரு ஓரத்துல தோணுச்சு. மறுத்துச் சொல்லுத அந்த ஒரு சொல்லத்தான் ஆபீஸ் மாடியில, அந்தச் சந்தனப் பொட்டுக்காரன் மூஞ்சியப் பாத்துச் சொல்லுவான்னு மூணு மாசம் காத்துக் கிடந்தேன். கடைசியில எங்கிட்டச் சொல்லிட்டுப் போறா.